திபிரின் துறவியின் இறுதிச் சாசனம்: ஒரு விளக்கவுரை

1996 மார்ச் 26ஆம் தேதி நள்ளிரவு கடந்து, அல்ஜீரியாவின் மெதியா நகருக்கு அருகிலுள்ள திபிரின் என்ற மலைக் கிராமத்து மடத்துக்குள் ஆயுதம் ஏந்திய கும்பல் ஒன்று புகுந்தது. டிராப்பிஸ்ட் சபையைச் சேர்ந்த ஏழு பிரெஞ்சுத் துறவிகளைக் கொண்டுபோனது. இரண்டு மாதம் கழித்து அவர்களுடைய தலைகள் மட்டும் கிடைத்தன. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் மடத்தலைவர் கிறிஸ்டியன் தெ ஷெர்ஜே. அவர் முன்பே எழுதி மூடி அனுப்பியிருந்த கடிதம் ஒன்று பிரான்ஸில் அவருடைய குடும்பத்தாரிடம் இருந்தது. மே 26, தூய ஆவியார் பெருவிழா ஞாயிறன்று அதைப் பிரித்தார்கள்.

பிற மதத்தாரிடம் கிறிஸ்தவர் கொள்ளவேண்டிய அன்பைப் பற்றித் திருச்சபை நிறையவே பேசியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆனால் அந்த அன்பு உயிருக்கே விலை கேட்கும்போது எப்படிப் பேசும் என்று அறிய விரும்புகிறவருக்கு நான் எடுத்துக்கொடுப்பது இந்தக் கடிதத்தைத்தான். அவர் சொன்ன வரிசையிலேயே பொருளைச் சொல்லி விளக்குகிறேன்.

முதலில், கடிதத்தின் அடியில் உள்ள இரண்டு தேதிகளைப் பார்த்துவிட வேண்டும். ஒன்று அல்ஜியர்ஸில் 1993 டிசம்பர் 1. மற்றது திபிரினில் 1994 ஜனவரி 1. 1992 ஜனவரியில் இராணுவம் தேர்தலை நிறுத்தியதிலிருந்து நாடு உள்நாட்டுப் போருக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டார் அனைவரும் வெளியேற வேண்டும் என்று ஆயுதம் தாங்கிய இஸ்லாமியக் குழு என்ற அமைப்பு விதித்த கெடு முடிந்தபோதுதான் முதல் தேதி வருகிறது. இரண்டு தேதிகளுக்கும் நடுவில், டிசம்பர் 14 அன்று, மடத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் பன்னிரண்டு குரோவேஷியத் தொழிலாளர்கள் கழுத்தறுக்கப்பட்டார்கள். துறவிகளுக்குப் பழக்கமான மனிதர்கள் அவர்கள். பத்து நாள் கழித்து, கிறிஸ்துமஸ் முந்தின இரவில், அந்தக் கொலைகளுக்குத் தலைமை தாங்கியவனான சாயா அத்தியா ஆட்களோடு மடத்து வாசலுக்கே வந்தான். மருத்துவரை அனுப்பு, மருந்து கொடு, பணம் கொடு என்று கேட்டான். இது சமாதானத்தின் வீடு, ஆயுதத்தோடு யாரும் உள்ளே வந்ததில்லை, பேசுவதென்றால் வெளியே பேசுவோம் என்று ஷெர்ஜே சொன்னார். மருத்துவர் வயதானவர், மலையேற மாட்டார், காயம்பட்டவர்கள் இங்கே வந்தால் மற்றவர்களைப் பார்ப்பதுபோலவே பார்ப்பார் என்றார். இன்றிரவு அமைதியின் அரசர் பிறந்த விழா என்றும் சொன்னார். தனக்கு அது தெரியாது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு அவன் போனான். இவை எல்லாம் நடந்து ஒரு வாரத்துக்குப் பிறகு இரண்டாவது தேதி போடப்பட்டிருக்கிறது. ஆபத்து இன்னதென்று அறியாதவர் எழுதிய கடிதம் இது என்று யாரும் சொல்ல முடியாது.

தொடக்கம்: ஏற்கெனவே கொடுத்துவிட்ட உயிர்

அந்நியர் அனைவரையும் வளைத்துக்கொண்டிருக்கும் பயங்கரவாதத்துக்கு என்றைக்காவது, ஒருவேளை இன்றைக்கே, தான் பலியானால், தன் சபையும் திருச்சபையும் குடும்பமும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும் என்று தொடங்குகிறார். தன் உயிர் கடவுளுக்கும் இந்த நாட்டுக்கும் கொடுக்கப்பட்டுவிட்ட ஒன்று என்பதே அது.

கொடுக்கப்பட்டாயிற்று என்று இறந்தகாலத்தில் சொல்கிறார். ஆகவே கொலைகாரன் எடுத்துக்கொள்வதற்கு மிச்சம் ஏதுமில்லை. கடவுளையும் நாட்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பதை இன்னும் கவனிக்க வேண்டும். டிராப்பிஸ்ட் துறவிகள் எடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்று, சேர்ந்த மடத்திலேயே கடைசிவரை நிலைத்திருப்பது. திபிரினில் அந்த வாக்குறுதிக்குள் அண்டை வீட்டாரும் வந்துவிட்டார்கள். மடத்து நிலத்தில் துறவிகளும் கிராமத்துக் குடும்பங்களும் சேர்ந்து உழுதார்கள், விளைச்சலைப் பகிர்ந்துகொண்டார்கள். மருத்துவரான சகோதரர் லூக் 1940களிலிருந்து வருவோர்க்கெல்லாம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். ஊரில் பள்ளிவாசல் இல்லாதபோது மடத்து அறை ஒன்றைத் தொழுகைக்குக் கொடுத்திருந்தார்கள். மடத்து மணியோசையும் பாங்கோசையும் ஒரே வளாகத்திலிருந்து எழுந்தன. அன்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. இங்கே அதற்கு உருளைக்கிழங்குப் பாத்தியும் ஊசிமருந்தும் கடன்கொடுத்த அறையும் உண்டு. சாசனத்தின் பிற்பகுதியில் வரும் உயரமான சொற்கள் எல்லாம் இந்த மண்ணில் நின்றுதான் பேசப்படுகின்றன.

பெயரில்லாத சாவுகளோடு

தன் சாவை, யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் பெயரற்றுப் போன அத்தனை வன்சாவுகளோடும் சேர்த்துவைக்கும்படி அடுத்து கேட்கிறார். தன் உயிர் வேறெந்த உயிரையும்விட மதிப்புக் கூடியதல்ல, குறைந்ததும் அல்ல என்கிறார்.

கறுப்புப் பத்தாண்டு என்று அழைக்கப்படும் அந்த உள்நாட்டுப் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், பெண்கள், வன்முறைக்கு மார்க்கத் தீர்ப்பு எழுதித்தர மறுத்த இமாம்கள் என்று அந்த வரிசை நீளும். ஐரோப்பியர் ஒருவர் இறந்தால் உலகச் செய்தி, கிராமத்து அல்ஜீரியர் நூறுபேர் இறந்தால் ஒரு பத்திச் செய்தி என்ற கணக்கை ஷெர்ஜே அறிந்திருந்தார். அதில் தன் பங்கை வாங்கிக்கொள்ள அவர் மறுக்கிறார்.

இந்த வேண்டுகோளுக்கு வரலாறே ஓர் உரை எழுதியது. துறவிகள் இறந்த இரண்டரை மாதத்தில், 1996 ஆகஸ்ட் 1 அன்று, ஓரான் ஆயர் பியேர் கிளவெரி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவரோடு இறந்தவர் அவருடைய காரோட்டி முகமது பூஷிகி, 21 வயது முஸ்லிம் இளைஞர். ஆயரோடு இருப்பது ஆபத்து என்று தெரிந்தே அவர் உடனிருந்தார். 2018 டிசம்பர் 8 அன்று ஓரானில் கிளவெரியும் ஏழு துறவிகளும் உட்பட 19 பேர் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். முஸ்லிம் என்பதால் முகமது அந்த வரிசையில் இடம்பெற முடியாது. ஆனாலும் அன்று அவரை நினைக்காமல் கிளவெரியை நினைக்க யாராலும் முடியவில்லை. திருச்சபையின் சட்டத்தில் இடமில்லாதவருக்கு ஷெர்ஜேயின் இந்தப் பத்தி முன்கூட்டியே இடம் போட்டுவைத்திருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

தானும் உடந்தை

அடுத்த வரி பலரைத் திடுக்கிடச் செய்யும். குழந்தையின் களங்கமின்மை தனக்கில்லை, உலகில் மேலோங்கி நிற்கும் தீமையில் தானும் உடந்தை, தன்னைக் கண்மூடித்தனமாகத் தாக்கப்போகும் தீமையிலும்கூட உடந்தை என்று அறியும் அளவுக்கு வாழ்ந்துவிட்டேன் என்கிறார்.

இது வெறும் அடக்கப் பேச்சு அல்ல. அவர் பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஒருவரின் மகன். சிறுவயதில் சில ஆண்டுகள் குடியேற்ற ஆட்சிக்கால அல்ஜியர்ஸில் வளர்ந்தார். அல்ஜீரிய விடுதலைப் போரின்போது பிரெஞ்சுச் சீருடையில் இளம் அதிகாரியாகத் திரும்பி வந்தார். 132 ஆண்டு அந்நிய ஆட்சி விட்டுச்சென்ற வன்முறையின் பேரேட்டில் தன் இனத்தின் கையெழுத்தும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் இரவுச் சந்திப்புக்குப் பிறகு அத்தியாவுக்காக எப்படிச் செபிப்பது என்று தான் தவித்ததைப் பின்னர் ஒரு தியான உரையில் அவர் சொல்லியிருக்கிறார். அவனைக் கொன்றுவிடும் என்று கடவுளிடம் கேட்க முடியாது. அவனை நிராயுதபாணியாக்கும் என்று கேட்கலாம். கேட்டவுடனே அடுத்த கேள்வி எழுந்தது: என்னை முதலில் நிராயுதபாணியாக்கும் என்று கேளாமல் அவனுக்காக மட்டும் இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை? அன்றிலிருந்து அவருடைய செபம் அந்த வரிசையில் நடந்தது. பிற மதத்தவரை நேசிக்கிறேன் என்று சொல்லும் கிறிஸ்தவர் பலரும், குற்றம் எல்லாம் அந்தப் பக்கம், பெருந்தன்மை எல்லாம் இந்தப் பக்கம் என்ற கணக்கோடுதான் நேசிக்கத் தொடங்குகிறோம். இந்த ஒரு வரி அந்தக் கணக்கைக் கிழித்துப்போடுகிறது.

அந்த நேரம் வரும்போது, கடவுளிடமும் மனிதரிடமும் மன்னிப்புக் கேட்கவும் தன்னை வீழ்த்துபவனை முழுமனதோடு மன்னிக்கவும் ஒரு கணம் தெளிவு கிடைக்கவேண்டும் என்று இதையொட்டி விரும்புகிறார். வரிசையைப் பாருங்கள்: முதலில் கேட்பது, பிறகு கொடுப்பது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மறைசாட்சிப் பெருமை வேண்டாம்

இப்போது சாசனத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். நான் அதிகநேரம் நிற்கும் இடம் இதுதான்.

இப்படியொரு சாவைத் தன்னால் விரும்ப முடியாது, இதைச் சொல்லிவைப்பது முக்கியம் என்கிறார். தான் நேசிக்கும் இந்த மக்கள்மீது ஒட்டுமொத்தமாகத் தன் கொலைப்பழி விழுமானால் தான் எப்படி மகிழ முடியும் என்று கேட்கிறார். மறைசாட்சியின் அருள் என்று பிறர் அழைக்கக்கூடியதை ஓர் அல்ஜீரியனிடமிருந்து, அவன் யாராக இருந்தாலும், பெற்றுக்கொள்வது மிக அதிக விலை என்கிறார். இஸ்லாம் என்று தான் நம்புவதற்கு விசுவாசமாக நடப்பதாக எண்ணி அவன் அதைச் செய்தால் அந்த விலை இன்னும் அதிகம் என்கிறார்.

கிறிஸ்தவ மரபில் இது எவ்வளவு புதுமையான பேச்சு என்பதை உணரவேண்டும். முதல் நூற்றாண்டுகளிலிருந்தே மறைசாட்சியின் சாவு நமக்கு மகுடம். அந்தியோக்கு ஆயர் இஞ்ஞாசியார் உரோமைக்குக் கொண்டுபோகப்பட்டபோது, தம்மைக் காப்பாற்ற முயலாதீர்கள், காட்டு மிருகங்களுக்கு இரையாக விடுங்கள் என்று அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கு எழுதினார். அந்த வேட்கையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் காட்சியில் மிருகங்களுக்குப் பெயர் இல்லை, அவற்றை அவிழ்த்துவிடுகிறவனுக்கும் பெயர் இல்லை. ஷெர்ஜே அந்த இன்னொருவனைப் பார்க்கிறார். மறைசாட்சி ஒருவர் உண்டாக வேண்டுமென்றால் கொலைகாரன் ஒருவன் உண்டாக வேண்டும். என் மகுடத்துக்காக ஒருவன் பாவி ஆகவேண்டும், அவனுடைய அண்டை அயலார் எல்லாம் பழி சுமக்கவேண்டும் என்றால் அந்த மகுடம் எனக்கு எதற்கு என்பதுதான் இங்குள்ள வாதம்.

இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். சாசனத்தில் அவர் பெயர் இல்லை. ஆனால் ஷெர்ஜேயின் வாழ்வை அறிந்தவர்கள் அவரில்லாமல் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை. விடுதலைப் போர்க்காலத்தில் தியாரெத் பகுதியில் பணியாற்றியபோது முகமது என்ற கிராமக் காவலர் ஷெர்ஜேக்கு நண்பரானார். பத்துப் பிள்ளைகளின் தகப்பன், தொழுகை தவறாத முஸ்லிம். ஒருநாள் கைகலப்பு ஒன்றில் ஷெர்ஜேயைத் தாக்க வந்தவர்களுக்கு நடுவே புகுந்து, இவர் நல்லவர், முஸ்லிம்களின் நண்பர் என்று சொல்லிக் காப்பாற்றினார். அடுத்த நாள் முகமது தம் கிணற்றருகே கொலையுண்டு கிடந்தார். ஷெர்ஜேயின் துறவுக்கும் அல்ஜீரியாவுக்கே திரும்பியதற்கும் அந்தச் சாவுதான் வேர். நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பில்லை என்ற இயேசுவின் போதனையைத் தன் கண்ணெதிரே நிறைவேற்றிக் காட்டியவர் ஒரு முஸ்லிம் என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஒரு முஸ்லிம் கொடுத்த உயிரால் வாழ்ந்தவர் அவர். இன்னொரு முஸ்லிம் எடுக்கப்போகும் உயிரைக் காட்டி அந்த மக்களை எடைபோட அவர் எப்படி விடுவார்?

பிற மதத்தவர் மேலுள்ள அன்புக்கு இந்தப் பத்தி வைக்கும் சோதனை இதுதான்: எனக்கு விழும் காயத்தை அவர்களுக்கு எதிரான சாட்சியாக்க நான் சம்மதிப்பேனா? விருந்தில் கலந்துகொள்வதும் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வதும் நல்லவையே. ஆனால் அந்த அன்பு பரிசோதிக்கப்படுவது, அவர்களில் ஒருவன் எனக்குத் தீங்கு செய்த மறுநாள் காலையில். அன்று என் துக்கத்தைக் கேட்க வருகிறவர்கள், இன்னுமா அவர்களை நேசிக்கிறாய் என்ற ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். பதிலை ஷெர்ஜே இரண்டு வருடம் முன்பே எழுதி மூடிவைத்துவிட்டார். தன் பிணம் யார் கையிலும் ஆயுதமாகிவிடக்கூடாது என்ற கவலையே இந்தக் கடிதத்தை எழுதவைத்தது என்று நான் நினைக்கிறேன்.

உடலும் ஆன்மாவும்

அல்ஜீரியர்மீது கொட்டப்படும் இகழ்ச்சியும் இஸ்லாத்தைப் பற்றிய கேலிச் சித்திரங்களும் தனக்குத் தெரியும் என்று தொடர்கிறார். ஒரு சமயத்தை அதன் தீவிரவாதிகளோடு ஒன்றாக்கிவிட்டு மனச்சாட்சியை ஆற்றிக்கொள்வது மிகச் சுலபம் என்கிறார். தனக்கு அல்ஜீரியாவும் இஸ்லாமும் அப்படிப்பட்டவை அல்ல. அவை உடலும் ஆன்மாவும் போன்றவை என்கிறார். தன் தாயின் மடியில், அந்த முதல் ஆலயத்தில், கற்ற நற்செய்தியின் இழையை இங்கே பலமுறை திரும்பக் கண்டதாகச் சொல்கிறார். அந்தப் பாடம் கற்றதும் அல்ஜீரியாவில்தான், முஸ்லிம்களை மதிப்பதன் வழியாகத்தான்.

சிறுவன் கிறிஸ்டியன் முஸ்லிம்கள் தொழுவதைப் பார்த்தபோது, அவர்களைக் கேலி செய்யக்கூடாது, அவர்களும் கடவுளையே வணங்குகிறார்கள் என்று அவன் தாய் சொல்லிக்கொடுத்தார். குருமடத்துக்கும் உரோமையில் கற்ற அரபு மொழிக்கும் குர்ஆன் படிப்புக்கும் முந்தியது அந்தப் பாடம். மதங்களுக்கு இடையிலான உரையாடல் அறிஞர் மேடையில் தொடங்குவதாக நாம் எண்ணுகிறோம். வீட்டில் பிள்ளையின் காதுபட அயல்மதத்தவரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதில்தான் அது தொடங்குகிறது என்பதற்கு இந்த வரி சான்று.

கிராமத்து இளைஞர் ஒருவர் அவரிடம் செபிக்கக் கற்றுத்தரும்படி கேட்டு, அடிக்கடி வந்து பேசுவார். அந்தப் பேச்சுக்குக் கிணறு தோண்டுவது என்று இருவரும் பெயர் வைத்திருந்தார்கள். நம் கிணற்றின் அடியில் என்ன தண்ணீர் இருக்கும், முஸ்லிம் தண்ணீரா கிறிஸ்தவத் தண்ணீரா என்று ஷெர்ஜே ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார். இவ்வளவு காலம் கூடவே நடந்தும் இதைக் கேட்கிறீர்களே, அங்கே இருப்பது கடவுளின் தண்ணீர் என்று அவர் சிரித்துக்கொண்டே ஆனால் வருத்தத்தோடு சொன்னாராம். தான் பெற்றவற்றிலிருந்தே இஸ்லாத்தைப் பற்றிப் பேசுவதாகச் சாசனம் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும். அவர் ஆய்ந்து கண்டதைவிட அவருக்குக் கொடுக்கப்பட்டது அதிகம்.

ஆவலின் விடுதலை

தன்னை அப்பாவி என்றும் கனவு காண்பவர் என்றும் சொன்னவர்களுக்குத் தன் சாவு நியாயம் சேர்ப்பதுபோல் தோன்றும், இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள் என்கிறார். அவர்களுக்கு அவர் தரும் மறுமொழி வியப்பானது. அப்போதுதான் தன் நெடுநாள் ஆவல் விடுதலை அடையும். கடவுள் சித்தம் இருந்தால், தந்தையின் பார்வைக்குள் தன் பார்வையை ஆழ்த்தி, இஸ்லாத்தின் பிள்ளைகளை அவர் காண்பதுபோலவே காண்பேன் என்கிறார். கிறிஸ்துவின் மாட்சியால் ஒளிர்கிறவர்களாக, அவருடைய பாடுகளின் கனியாக, தூய ஆவியின் கொடையால் நிறைந்தவர்களாகக் காண்பேன் என்கிறார். ஒன்றிப்பை உண்டாக்குவதும் வேறுபாடுகளோடு விளையாடிச் சாயலை மீட்டமைப்பதும் அந்த ஆவியின் மறைவான மகிழ்ச்சி என்கிறார்.

இங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு எழும். ஞானஸ்நானம் பெறாதவர்களைப் பற்றி இவ்வளவு சொல்லலாமா என்று கண்டிப்பான கிறிஸ்தவர் கேட்பார். என்னைக் கிறிஸ்துவின் பாடுகளின் கனி என்று சொல்ல உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று முஸ்லிம் ஒருவர் கேட்கலாம். இரண்டாவது கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். பிறரை நம் சொற்களால் வரையறுப்பதில் எப்போதும் ஒரு மீறல் உண்டு. ஆனாலும் ஷெர்ஜே தன் விசுவாசத்தை ஒளித்துவைத்து, எல்லாம் ஒன்றுதான் என்று பொதுவாகப் பேசியிருந்தால் அது நேர்மையாக இருந்திருக்காது. கிறிஸ்தவர் ஒருவர் தன்னிடமுள்ள மிக உயர்ந்த சொற்களை எடுத்து அயலாருக்குச் சூட்டுகிறார். அதையும் தீர்ப்பாகச் சொல்லவில்லை, பார்க்கப்போகும் ஆவலாகத்தான் சொல்கிறார். தனக்கு இன்னும் தெரியாது என்ற ஒப்புதலும் அதற்குள் இருக்கிறது. வேறுபாடுகளை அழிப்பதாக ஆவியைப் பற்றி அவர் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தந்தையின் வீட்டிலும் அவை மிஞ்சியிருக்கும் என்றே எதிர்பார்க்கிறார்.

நன்றி

முழுதும் தன்னுடையதும் முழுதும் அவர்களுடையதுமான இந்த வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். பெற்றோர், உடன்பிறந்தார், பழைய நண்பர்கள், இந்த மண்ணின் நண்பர்கள் எல்லாரும் அந்த நன்றிக்குள் வருகிறார்கள். பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொருவன் வருகிறான்: செய்வது இன்னதென்று அறியாமல் செய்யப்போகும் கடைசி நிமிடத்து நண்பன். அவனுக்கும் அதே நன்றி. உங்களுக்கு, எங்களுக்கு என்று பிரிக்காமல், நம் இருவருக்கும் தந்தையான கடவுளுக்கு விருப்பமானால் பேரின்ப வீட்டில் மகிழ்ச்சியான கள்வர்களாகச் சந்திப்போம் என்று அவனை அழைக்கிறார்.

லூக்கா எழுதிய பாடுகளின் வரலாற்றில் மனம் திரும்பிய கள்வன் ஒருவன் உண்டு. சிலுவையில் தொங்கிய இயேசுவின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு, கொலைகாரனைக் கள்வனாக்கி மன்னிப்பது ஷெர்ஜேக்கு எளிதாக இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. தானும் கள்வனாக அவன் பக்கத்துச் சிலுவைக்குப் போய்விடுகிறார். தானும் உடந்தை என்று முன்பு சொன்னது இங்கே வந்து சேர்கிறது. கடைசியில் ஆமென், இன்ஷா அல்லாஹ் என்று இரண்டையும் எழுதி முடிக்கிறார். அவர் நாள்தோறும் வாழ்ந்த பேச்சு அது; கடைசிவரிக்கென்று தேடிப்பிடித்ததல்ல.

இவ்வளவு மன்னிப்பு நீதியைத் தள்ளிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சாசனத்தில் எங்குமே உண்மையைத் தேடாதீர்கள் என்ற வேண்டுகோள் இல்லை. கடத்தியதாகவும் கொன்றதாகவும் ஆயுதம் தாங்கிய இஸ்லாமியக் குழு அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்பாதவர்களும், இராணுவத்தின் பங்கைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள். கொல்லப்பட்ட துறவி ஒருவரின் குடும்பத்தாரும் அதே சபையைச் சேர்ந்த துறவி ஒருவரும் 2003 டிசம்பரில் பிரான்ஸில் புகார் கொடுத்து, நீதி விசாரணை தொடங்கியது. அவர்கள் சாசனத்துக்கு எதிராக நடந்ததாக நான் எண்ணவில்லை. ஒரு மக்கள்மீது மொத்தமாகப் பழி விழக்கூடாது என்று ஷெர்ஜே கேட்டார். அதற்குச் செய்தவன் யார் என்று தெரிந்தாக வேண்டும்.